ஏழு கிலோ

குறிஞ்சிப்பாடி. இரவு ஒன்பதரை. தெருவில் தறிச் சத்தம் அடங்கிவிட்டது.

மளிகைக்கடைத் தராசில் அம்மாவின் பை. 8 கிலோ 340 கிராம்.

கடைக்காரர் இறக்கிவிட்டு மறுபடி வைத்தார். அதே 8.340.

அனுமதி 7.

தங்கைக்குப் பிரசவம். கோலாலம்பூர். அம்மா தனியாகப் போகிறாள். விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை.

பையில் இருப்பது: சுக்கு. பூண்டு. ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பிரசவ லேகியம். குழந்தைக்குக் கிழித்துப் போட, நைந்து மெத்தென்று ஆன நூல் புடவை மூன்று. மாப்பிள்ளைக்கு நம்மூர் கைத்தறி லுங்கி நாலு. பண்ருட்டி முந்திரி.

எதை எடுப்பது?

ஏர் ஏசியாவில் கையில் கொண்டுபோக இரண்டு உருப்படி. இரண்டும் சேர்ந்து 7 கிலோ. ஸ்கூட்டில் 10. இண்டிகோ உள்நாட்டில் கையில் 7, லக்கேஜ் 15.

இதெல்லாம் மாறும். டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு மறுபடி பார்க்கணும்.

லக்கேஜே இல்லாத டிக்கெட்டைக் குறைந்த விலைக்கு விற்கலாம் என்று இந்தியாவில் 2021 பிப்ரவரியில் அனுமதி வந்தது. அதற்குப் பிறகு விலையைப் பார்த்ததும் சந்தோஷப்படக் கூடாது. பக்கத்தில் பை படம் இருக்கிறதா என்று பார்க்கணும்.

திரையில் முதலில் தெரிந்த தொகை ஒன்று. கடைசியில் கட்டிய தொகை ஒன்று. நடுவில் ஏழு பக்கம்.

சீட் வேண்டுமா. சாப்பாடு வேண்டுமா. இன்சூரன்ஸ் வேண்டுமா. முதலில் ஏற வேண்டுமா.

"வேண்டாம்" என்பது மட்டும் சின்ன எழுத்தில், சாம்பல் நிறத்தில்.

வாங்குபவர் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது தவறு என்று 2023 நவம்பர் 30-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்துவிட்டது. ஆனாலும் பணம் கட்டும் முன் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கணும். பத்திரம் படிப்பது மாதிரி.

உள்நாட்டு டிக்கெட்டில் பாதுகாப்புக் கட்டணம் 200 ரூபாய். 2021 ஏப்ரலில் வைத்தது. டிக்கெட் எவ்வளவு மலிவானாலும் அது குறையாது.

லேகியம் திரவமா, திடமா?

அம்மாவைக் கேட்டால் மருந்து என்பாள். சோதனை செய்பவர்களுக்கு அது திரவக் கணக்கு. நெய், தேன், ஊறுகாய், எல்லாம் அதே கணக்கு.

வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் ஒரு டப்பா 100 மில்லிக்கு மேல் கூடாது. பாட்டிலில் கால்வாசிதான் இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. பாட்டிலின் அளவுதான் கணக்கு.

2006 ஆகஸ்டில் லண்டனில் ஒரு சதி பிடிபட்டது. பானங்களுக்குள் வெடிமருந்து. அதற்குப் பிறகு வந்த விதி.

லேகியம் கிளற அம்மாவுக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. கை வீங்கியிருந்தது.

ஆக, லக்கேஜ் எடுத்தாக வேண்டும்.

வீட்டில் இருந்தபடி முன்கூட்டிக் கட்டினால் ஒரு விலை. கவுண்டரில் போய்க் கட்டினால் அதைவிடக் கூட. கேட்டில் பிடித்தால் அதற்கும் மேலே. பை ஒன்றுதான்.

20 கிலோ எடுத்தேன். சொல்லி வாய் மூடவில்லை, அம்மா உள்ளே போய் இன்னொரு பையை எடுத்துவந்தாள்.

கசகசாவைப் பிரித்து எடுத்தேன். சிங்கப்பூர், துபாய் போகிறவர்கள் தொடவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் பட்டியலில். குருமாப் பொடி அரைத்துக் கொண்டுபோகிறவர்கள், அதில் என்னென்ன சேர்த்தோம் என்று யோசிக்கணும்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். லக்கேஜில் போட்டால் பெட்டியைத் திறக்க வைப்பார்கள்.

சர்க்கரை மாத்திரையும் கைப்பையில். இது விதி இல்லை. பெட்டி வராமல் போனால்?

டிக்கெட்டில் 14-ஆம் தேதி, 00:25.

அது 13-ஆம் தேதி ராத்திரி.

இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இதே மாதிரி டிக்கெட் வைத்திருந்த மேலத்தெருக்காரர் ஒருவர் 14-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பெட்டியோடு திருச்சி போய் இறங்கினார். விமானம் போய் 22 மணி நேரம் ஆகியிருந்தது. வேலைக்குச் சேர வேண்டிய நாள் அது.

காலண்டரில் 13-ஐச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: மத்தியானம் சாப்பிட்டதும் கிளம்பணும்.

பாஸ்போர்ட்டில் அம்மாவுக்கு ஒரே பெயர். குடும்பப் பெயர்க் கட்டம் காலி.

இணையதளம் காலி விடாது. கட்டம் சிவப்பாகிறது.

நம் ஊரில் பெயர் ஒன்று, முன்னால் ஒரு எழுத்து. அந்த எழுத்து ரேஷன் கார்டில் அப்பா, வாக்காளர் அட்டையில் கணவர். பாஸ்போர்ட்டில் எழுத்தே இல்லை.

பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படி. அதுதான் விதி. குடும்பப் பெயர் இல்லாதவர்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கிற நிறுவனங்கள் உண்டு. எந்த நிறுவனம் எப்படிக் கேட்கிறது என்று படித்துவிட்டுப் போடணும்.

2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை விடமாட்டோம் என்றது. அப்புறம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது.

எழுத்துப் பிழையா? இந்திய நிறுவனம், அவர்களுடைய சொந்தத் தளத்தில் எடுத்த டிக்கெட் என்றால் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிடணும். அதற்குள் பெயர் திருத்தக் காசு கேட்கக் கூடாது. நாள் கடந்தால் திருத்தக் கூலி டிக்கெட் விலையை எட்டிப் பிடிக்கும்.

எடுத்த அன்றே சத்தமாக எழுத்துக் கூட்டிப் படிக்கணும். அம்மா பெயரை அப்படி நான் படித்ததே இல்லை.

தாத்தா போனது கப்பலில். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு.

டெக் டிக்கெட். பாய் சொந்தம், தட்டு சொந்தம், போர்வை சொந்தம். இடம் மட்டும் கப்பல்காரனுடையது.

எஸ்.எஸ். ராஜுலா. 1926-இல் கட்டியது. 1970-களின் தொடக்கம்வரை இந்தப் பக்கத்து ஜனங்களை ஏற்றிப் போய் இறக்கியது.

அப்புறம் எம்.வி. சிதம்பரம். நம் பக்கத்து ஊர்ப் பெயர். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீ.

தாத்தாவின் டிரங்குப் பெட்டி பரணில் இருக்கிறது. இறக்கி, துடைத்து, கடைத் தராசில் வைத்தேன்.

காலிப் பெட்டி. 9 கிலோ 100.

நெய்வேலியில் ஓடுபாதை உண்டு. 1980-களில் வாயுதூத் விமானம் வந்துபோனது. 19 பேர் உட்காரும் டார்னியர்.

2017-இல் அரசின் உடான் விமானத் திட்டத்தின் முதல் சுற்றிலேயே நெய்வேலி பெயர். ஒரு மணி நேரப் பயணத்துக்கு, குறிப்பிட்ட அளவு சீட்டுகளுக்கு 2,500 ரூபாய்தான் என்று வரம்பு.

டீக்கடையில் அன்றைக்கு அதே பேச்சு. வடலூர் தாண்டினால் விமானம்.

சேலத்துக்கு வந்தது. புதுச்சேரிக்கு வந்து, நின்று, 2024 டிசம்பரில் மறுபடி வந்தது. நெய்வேலிக்கு இன்னும் வரவில்லை.

எனக்கு அந்த ஓடுபாதை மேல் ஆசை விடவில்லை.

நமக்குச் சென்னை, இல்லாவிட்டால் திருச்சி.

சென்னை பஸ் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பஸ் நிலையம். அங்கிருந்து திரிசூலம் விமான நிலையத்துக்கு இன்னொரு வண்டி. அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடணும்.

கார் வைத்தால் வாடகை டிக்கெட்டைத் தொடுகிறது.

கவுண்டர் பெரும்பாலும் 60 நிமிடம் முன்னால் மூடும். 59-இல் போய் நின்றாலும் மூடியதுதான். கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் பெண்ணுக்கும் கண் கலங்குகிறது. கம்ப்யூட்டர் மூடிவிட்டது என்கிறாள்.

அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் என்று ஒரு மலிவு விமான நிறுவனம். 1971-இல் பறக்கத் தொடங்கியது. மறு வருஷம் பணம் இல்லை. நாலு விமானத்தில் ஒன்றை விற்றார்கள். நாலு விமானத்தின் வேலையை மூன்றில் செய்தார்கள். இறங்கிய விமானம் பத்து நிமிடத்தில் திரும்ப ஏறியது.

நிற்கிற தறி கூலி தராது. இந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும்.

ஏர் ஏசியாவை 2001-இல் டோனி ஃபெர்னாண்டஸ் வாங்கியது ஒரு ரிங்கிட்டுக்கு. இரண்டு விமானம். கூடவே நாலு கோடி ரிங்கிட் கடன்.

ஏர் டெக்கான் 2003. கேப்டன் கோபிநாத். ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றார். சூரரைப் போற்று அவர் வாழ்க்கையை வைத்து எடுத்த படம். அம்மா டிவியில் மூன்று முறை பார்த்திருக்கிறாள். விமானத்தில் சாதாரண ஜனங்கள் ஏறும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அழுதாள்.

விமானத்தில் தண்ணீர் விலைக்கு.

காலி பாட்டில் கொண்டுபோகலாம். சோதனை தாண்டியதும் குழாயில் பிடித்துக்கொள்ளலாம்.

போர்வை கிடையாது. குளிர் உண்டு. சுமார் நாலு மணி நேரம்.

உள்ளே ஏதாவது வாங்க ரிங்கிட் நோட்டு இரண்டு, கைப்பை சைடு ஜிப்பில்.

சீட்டுக்குப் பணம் கட்டாவிட்டாலும் சீட் உண்டு. எது என்பது அவர்கள் இஷ்டம். இதைத் தெரியாமல் பயந்து பணம் கட்டுகிறவர்கள் அதிகம்.

ஒரே டிக்கெட்டில் பெற்றோரோடு போகும் 12 வயதுவரையிலான குழந்தையைப் பெற்றவர்களில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும். 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொன்னது.

அம்மாவுக்கு மட்டும் ஓரச் சீட் வாங்கினேன். எழுந்து போக யாரையும் தாண்ட வேண்டாம்.

இரண்டு மலிவு டிக்கெட்டை ஒட்டவைத்து மூன்றாவது ஊருக்குப் போகிறவர்களுக்கு: முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானம் காத்திருக்காது. காசும் வராது. நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போடணும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும்.

நடுவில் ஒரு ராத்திரியாவது இடைவெளி விடணும்.

போன வருஷம் நான் பெங்களூரு போனபோது ஐந்து மணி நேரத் தாமதம். குறைந்த தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. அவர்களும் தரவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி வீட்டுப் புளியோதரையில் பாதியைக் கொடுத்தார்.

இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது. பணம் திரும்ப வராது என்று எழுதிய உள்நாட்டு டிக்கெட்டாக இருந்தாலும், ரத்து செய்தால் வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வரணும். கேட்டு வாங்கணும். ஏர்சேவா என்று அரசின் புகார்த் தளம் இருக்கிறது.

2023 மே 3-இல் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நின்றது. டிக்கெட் கையில் வைத்திருந்தவர்களின் பணம் மாட்டிக்கொண்டது. ஆறு மாதத்துக்கு முன்பே எடுத்தால் மலிவு. ஆறு மாதம் நீண்ட காலம்.

மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா வேண்டாம். 30 நாள்வரை.

போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பணும். அது இலவசம். காசு கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை.

30 நாள்.

பத்தியம் 40 நாள்.

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மீதிப் பத்து நாளுக்கான பொடியைத் தனிப் பொட்டலம் கட்டி, மேலே தேதி எழுதச் சொன்னாள்.

கொக்கி மாட்டித் தூக்கிப் பார்க்கும் கைத்தராசு ஒன்று வாங்கினேன். பேட்டரி போட்டது.

கடைசி நிறுப்பு. பெரிய பெட்டி 19.6. கைப்பை 7.2.

கைப்பையிலிருந்து ஒரு நூல் புடவையை எடுத்தேன். 6.8.

புடவையைத் திண்ணையில் வைத்தேன். அடுத்த முறை அனுப்பலாம் என்றேன். அம்மா சரி என்றாள்.

14-ஆம் தேதி காலை எட்டு மணிக்குத் தங்கையிடமிருந்து போன். வந்து சேர்ந்தாச்சு. கேட்டில் கைப்பையை மறுபடி நிறுத்தார்களாம். 6.8-தான்.

"லேகியம்?"

"உடையல."

திண்ணையில் புடவையைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன்.

மறுபடி தங்கைக்குப் போன் போட்டேன். அம்மா அதைச் சால்வை மாதிரி போர்த்திக்கொண்டுதான் இறங்கினாளாம். குளிருக்கு.

ஆள் மேல் இருப்பதை நிறுப்பதில்லை.

குழந்தை அதில்தான் தூங்குகிறது என்று மூன்றாம் வாரம் போட்டோ வந்தது. கட்டம் போட்ட நீலப் புடவை. ஓரத்தில் கிழிசல்.

கைத்தராசு இப்போது மேலத்தெருவில் இருக்கிறது. வியாழக்கிழமை இன்னொரு வீட்டுக்கு வேணுமாம். பேட்டரி மாற்றணும்.