மெத்தென்ற இருக்கையின் அடியில்: சென்னைக் குஷன் பட்டறைகளில் சோபா உருவாகும் முறை

வீட்டுக் கூடத்தில் காலை நீட்டிச் சாய்ந்து கிடப்பதற்கென்றே வாங்கப்படும் அகன்ற சோபாவின் மென்மை, அதனுள் அடைக்கப்பட்ட ஏதோ ஒரு பொருளின் குணமன்று. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய பட்டைகள், ஃபோம், பஞ்சு, உறைத்துணி ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, உடலின் பாரத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதால் விளைவது. கடையில் சில நிமிடம் அமர்ந்து பார்ப்பவருக்குத் தெரிவது மேலடுக்குகளின் இதம் மட்டுமே. ஐந்தாண்டு கழித்தும் அந்த இதம் நிற்குமா என்பதை முடிவு செய்பவை கண்ணுக்குப் படாத கீழடுக்குகள். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை அறிய விற்பனைக்கூடத்தைவிட, சோபாக்களைச் செய்வதும் பழையனவற்றைப் பிரித்துச் சீர்செய்வதுமான பட்டறைகளே தகுந்த இடங்களாகும்.

சென்னையில் இத்தொழில் பொதுவாகக் ‘குஷன் வேலை’ என்று வழங்குகிறது. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாகன இருக்கைகளுக்கு உறை தைப்போரும், குடியிருப்புத் தெருக்களின் ஒற்றை ஷட்டர் கடைகளில் வீட்டு இருக்கைகளைப் புதுப்பிப்போரும், புறநகர்க் கொட்டகைகளில் புதிய சோபாக்களைச் செய்து கடைகளுக்கு அனுப்புவோரும் இப்பெயருக்குள் அடங்குவர். கொட்டகையில் வேலை நான்காகப் பிரிந்திருக்கும்: தச்சர் சட்டத்தைக் கூட்ட, ஒருவர் ஃபோம் வெட்டி ஒட்ட, தையற்காரர் உறை தைக்க, மற்றவர்களால் ‘மாஸ்டர்’ என்று அழைக்கப்படும் மூத்த தொழிலாளி அந்த உறையை இழுத்துப் போர்த்திப் பின் அடித்து முடிப்பார். தமிழரோடு உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் இப்பட்டறைகளில் உழைக்கின்றனர். புதிதாகச் சேரும் இளைஞருக்கு முதலில் தரப்படும் வேலை, பழைய சோபாவிலிருந்து பின்களைப் பிடுங்குவது. எடுபிடி வேலையாகத் தோன்றினாலும் உண்மையில் அதுவே தொழிலின் அடிப்படைப் பாடமாகும். எந்த மூட்டு ஆடியது, எந்தப் பட்டை தளர்ந்தது, எந்த ஃபோம் பொடிந்தது என்பவற்றைப் பிரிக்கும்போதே அவர் கண்டுகொள்கிறார்.

பிரித்துப் பார்க்கையில் குறை பெரும்பாலும் சட்டத்திலிருந்தே தொடங்குவது தெரியும். துணியால் மறைக்கப்படும் சட்டத்துக்குத் தேக்கு போடுவது வீண்செலவு என்பதால் வேம்பு, மா, சால், ரப்பர் மரம் போன்றவை பயன்படுகின்றன. இவற்றுள் கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் பால்வடிப்பு முடிந்து வெட்டப்படும் ரப்பர் மரம் மாவுச்சத்து மிகுந்தது. அதனால் வண்டு துளைக்க எளிதில் இடங்கொடுக்கும் அம்மரத்தை, போரான் உப்புக் கரைசல் ஊட்டி உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். மரம் எதுவாயினும் ஈரம் வற்றாமல் அறுத்துக் கூட்டினால், வீட்டுக்கு வந்தபின் அது சுருங்கி மூட்டுகளை நெகிழச் செய்துவிடும். ஆணி மட்டும் அடித்த மூட்டைவிட, ஒரு கட்டையின் நாக்கை மற்றொன்றின் துளையில் செலுத்திப் பசையிட்டு, மூலையில் முக்கோணத் துண்டு வைத்து முடுக்கிய மூட்டு நெடுநாள் நிற்கும். இதனை உறையைக் கிழிக்காமலே சோதிக்க ஒரு வழியுண்டு: சோபாவின் முன்கால் ஒன்றை ஏறத்தாழ அரையடி உயர்த்தும்போது மறுமுனையின் முன்காலும் உடனெழுந்தால் சட்டம் விறைப்பானது; அது தரையிலேயே நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள்.

சட்டத்தின் மேல் அமைவது தாங்குதளம். பழைய ஐரோப்பிய முறையில் சுருள் கம்பிகளைக் கயிற்றால் பல திசைகளிலும் பிணைத்து, அவற்றின்மேல் குதிரைமயிர் பரப்பினர். 1947இல் பிரெல்லி டயர் நிறுவனத்தின் துணையுடன் இத்தாலியில் தொடங்கப்பட்ட ஆர்ஃபிளெக்ஸ், ரப்பர் நுரையையும் ரப்பர் ஏற்றிய பட்டைகளையும் கொண்டு அம்முறையை மாற்றியது. அந்நிறுவனத்துக்காக மார்க்கோ சனூசோ வடிவமைத்து 1951இல் வெளிவந்த ‘லேடி’ நாற்காலி அம்மாற்றத்தின் அறியப்பட்ட சான்று. சென்னைப் பட்டறைகளில் இன்று காணப்படுபவை இருவகை: வளைந்து வளைந்து செல்லும் தடித்த எஃகுக் கம்பியாகிய ‘ஜிக்ஜாக் ஸ்பிரிங்’ ஒன்று; நாடாக் கட்டிலில் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடிக்கும் மீள்தன்மையுள்ள ‘பெல்ட்’ மற்றொன்று. அகன்ற சோபாவைப் பொறுத்தவரை இந்த அடுக்கே முதற்கவனத்துக்குரியது. முன்கட்டைக்கும் பின்கட்டைக்கும் இடைப்பட்ட தூரம் கூடக்கூட, அவற்றுக்கிடையே கட்டிய கம்பியும் பட்டையும் அதே பாரத்துக்கு மேலும் தாழும். எனவே வழக்கமான சோபாவுக்குப் போதுமான இடைவெளியில் ஆழமான சோபாவுக்கும் பெல்ட் அடித்தால், உட்கார்ந்தவரின் இடுப்பு பள்ளத்தில் இறங்கி முழங்கால் மேலெழும். பட்டைகளை நெருக்குவதும், மூவர் இருக்கையாயின் முன்கட்டையின் நடுவில் ஒரு கால் கொடுப்பதும் அதனால்தான் தவிர்க்க முடியாதவை.

அடுத்த அடுக்கு, மக்கள் ‘ஸ்பாஞ்சு’ என்றும் தொழிலாளர் ‘ஃபோம்’ என்றும் சொல்லும் பாலியூரித்தேன் நுரை. பாலியூரித்தேனை ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் 1937இல் கண்டறிந்தார். இருக்கைக்கான நெகிழ்நுரை 1950களில் பரவியது. பாலியால், ஐசோசயனேட் என்னும் இரு திரவங்களோடு நீரைச் சேர்க்கும்போது எழும் கரியமில வாயு, கலவையைக் குமிழ்களாக உப்பச் செய்து பெரும் பாளமாக இறுக வைக்கிறது. இப்பாளத்தின் தரத்தைக் குறிக்க வழங்கும் ‘டென்சிட்டி’ என்பது ஒரு கன மீட்டர் நுரையின் எடை. ‘32 டென்சிட்டி’ என்றால் அந்த அளவு நுரை 32 கிலோ இருக்கும். இக்கணக்கைக் கொண்டு வாங்குபவரே சொல்லப்பட்ட தரத்தை ஓரளவு சரிபார்க்க முடியும்: 24 அங்குல நீளம், 24 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன் உள்ள ஃபோம் துண்டு 32 டென்சிட்டியில் ஏறத்தாழ 1.8 கிலோவும், 40 டென்சிட்டியில் ஏறத்தாழ 2.3 கிலோவும் எடையிருக்கும். ஆனால் எடை மட்டும் முழுச் சான்றாகாது. மலிவு நுரையில் சுண்ணாம்புத்தூளைக் கலந்து எடையேற்றுவதும் உண்டு. அத்தகைய நுரை, வெட்டிய முகத்தை விரலால் தேய்த்தால் பொடி உதிர்த்தும், அமுக்கி விட்டால் மெல்லவே எழும்பியும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

வாங்குவோரிடையே பரவலாக உள்ள தவறான எண்ணம், டென்சிட்டி கூடினால் இருக்கை கல்லாகும் என்பது. எடையடர்த்தி வேறு, கடினத்தன்மை வேறு. கடினத்தன்மையை அளக்க, 8 அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டை நுரைமேல் அழுத்தி, அதன் தடிமனில் 25 விழுக்காடு இறங்குவதற்கு எவ்வளவு விசை தேவை என்று பார்க்கின்றனர். இதே அளவீட்டை 65 விழுக்காட்டு ஆழத்துக்கும் செய்து, இரண்டாம் எண்ணை முதலெண்ணால் வகுத்துக் கிடைப்பதே தாங்குதிறன் விகிதம். சாதாரண நுரையில் இவ்விகிதம் 2ஐ ஒட்டியிருக்கும். மீளெழுச்சி மிகுந்த உயர்வகை நுரையில் 2.5ஐ எட்டும். விகிதம் உயர்ந்த நுரை தொடக்கத்தில் எளிதாக அமிழ்ந்து, ஆழம் செல்லச் செல்ல எதிர்த்து நின்று தாங்கும். சாய்ந்து கிடப்பவருக்கு வேண்டியது இத்தன்மைதான். ஆகவே மென்மையை விரும்புவோர் கேட்க வேண்டியது குறைந்த டென்சிட்டியை அன்று. டென்சிட்டி உயர்ந்தும் கடினம் தாழ்ந்தும் உள்ள நுரையை. டென்சிட்டி குறைந்த நுரையும் முதல் நாளில் அதே சுகத்தைத் தரும் என்பதால்தான் கடைச்சோதனை ஏமாற்றுகிறது. குமிழ்ச்சுவர் மெலிந்த அந்த நுரை அன்றாடப் பாரத்தில் களைத்து, உட்காரும் இடத்தில் குழி விழுந்துவிடும். சீர்செய்ய வரும் சோபாக்களைப் பற்றி வாடிக்கையாளர் சொல்லும் “அமுங்கிப் போச்சு” என்னும் முறையீட்டில் பெரும்பகுதி இதனால் எழுவது.

அனுபவமுள்ள மாஸ்டர்கள் ஒரே தரமான ஃபோமை முழுத் தடிமனுக்கும் வைப்பதில்லை. அடியில் உறுதியான 4 அங்குலம், அதன்மேல் ‘சூப்பர் சாஃப்ட்’ எனப்படும் நெகிழ்ந்த 2 அங்குலம், அதைச் சுற்றிப் பாலியெஸ்டர் இழைப்பஞ்சுப் போர்வை என்பதாக அடுக்குவர். இழைப்பஞ்சு மட்டும் நிறைத்த முதுகுத் திண்டு தொடுவதற்கு இதமானதாயினும், உள்ளே தடுப்பறைகள் தைக்காவிட்டால் பஞ்சு கீழே சரிந்து மேற்பகுதி காலியாகிவிடும். போடிநாயக்கனூர் வட்டாரத்தின் இலவம்பஞ்சுக்கும் இது பொருந்தும். உள்ளே வெறுமையான குழல் போன்ற இழைகளாலான அப்பஞ்சு லேசானது, காற்றோட்டமுள்ளது, ஆனால் நாளடைவில் கட்டிதட்டும் என்பதால் அவ்வப்போது வெயிலில் காயவைத்து உதறி நிரப்ப வேண்டும். சட்டமே இல்லாமல், பல்வேறு அடர்த்தியுள்ள நுரைகளை மட்டும் அடுக்கி மிஷேல் டுகாருவா 1973இல் பிரான்சில் உருவாக்கிய ‘டோகோ’ சோபாவின் படத்தைக் கைப்பேசியில் காட்டி அதுபோல் கேட்போரும் உண்டு. அதன் சுருக்கங்களை நகலெடுப்பது தையற்காரருக்கு இயலும்; அந்தந்த இடத்துக்கேற்ற அடர்த்தியை நகலெடுக்காவிட்டால் வடிவம் மட்டுமே கிடைக்கும்.

ஆழம் என்பது முன்விளிம்பிலிருந்து முதுகுத் திண்டின் முகப்பு வரையுள்ள தூரத்தைக் குறிக்கும். சோபாவின் வெளியளவு அன்று. நிமிர்ந்து உட்காரும் சோபாவில் இது 20 முதல் 22 அங்குலமாகவும், சாய்ந்து கிடக்கும் சோபாவில் 24 முதல் 28 அங்குலமாகவும் இருக்கும். பெரும்பாலான பெரியவர்களுக்கு இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரையுள்ள நீளம் ஏறத்தாழ 17 முதல் 20 அங்குலமே என்பதால், ஆழமான சோபாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடாது. தரையைத் தொட முன்னகர்ந்தால் முதுகுக்குப் பிடிமானமிராது. நாற்காலி என்ற கணக்கில் பார்த்தால் இது குறைபாடுதான். ஆனால் தமிழ் வீடுகளில் சோபா பயன்படும் விதத்தைக் கவனித்தால் இக்குறைபாட்டின் மதிப்பு மாறுகிறது. விருந்தினர் சென்ற பின் வீட்டார் பெரும்பாலும் காலை மேலேற்றிச் சம்மணமிட்டோ, ஒருக்களித்துச் சாய்ந்தோ, தலையணை போட்டுப் படுத்தோ தொலைக்காட்சி பார்க்கின்றனர். பாயிலும் திவானிலும் பழகிய உடலுக்கு 20 அங்குல ஆழம் போதுவதில்லை. சம்மணமிட்டவரின் முழங்கால் விளிம்புக்கு வெளியே தொங்காதிருக்க 26 அங்குலம் உதவுகிறது. வீட்டில் முதியவர் இருப்பின் கணக்கு வேறு: தாழ்ந்தும் ஆழ்ந்தும் உள்ள இருக்கையிலிருந்து எழ, உடலை முன்னே கொண்டுவந்து முழங்காலால் முழுப் பாரத்தையும் தூக்க வேண்டியிருப்பதால், அவர் அமரும் பக்கத்துக்குத் தனியாக ஒரு முதுகுத் திண்டும், ஊன்றி எழ உறுதியான கைப்பிடியும், அமர்ந்தபின்னும் 17 அங்குலத்துக்குக் குறையாத உயரமும் வேண்டும்.

உறையைத் தெரிவதில் தட்பவெப்பமே முதல் அளவுகோல். தோலைப் போலத் தோன்றும் செயற்கை உறைகளில், பாலியூரித்தேன் பூச்சுள்ளவை கடற்கரை நகரத்து ஈரக்காற்றில் நீராற்பகுப்பு என்னும் வேதிமாற்றத்துக்கு உட்பட்டுச் சில ஆண்டுகளிலேயே செதில்செதிலாக உரியக்கூடும். ரெக்ஸின் எனப் பொதுவாக வழங்கும் பிவிசி பூச்சு அவ்வாறு உரியாவிட்டாலும் வியர்வையை வெளியேற விடாது. நெடுநேரம் கிடப்பதற்கான இருக்கைக்கு, ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கக்கூடிய, நெருக்கமாக நெய்த துணியே உகந்தது.

இந்த அடுக்குகளை இணைக்கும் உழைப்பின் விலை உடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. ‘சொல்யூஷன்’ எனப்படும் ரப்பர் பசையில் டொலுவீன் போன்ற ஆவியாகும் கரைப்பான்கள் இருப்பதால், காற்றோட்டமில்லாத கொட்டகையில் நாள்முழுதும் அதைத் தெளிப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் நேரலாம். முகக்கவசத்துக்குப் பதில் கைக்குட்டையே பல இடங்களில் பயன்படுகிறது. ஃபோம் எளிதில் தீப்பிடித்து நச்சுப்புகை கக்கும் பொருள். வீட்டு இருக்கைகளுக்கான தீப்பாதுகாப்பு விதிகளைப் பிரிட்டன் 1988இல் வகுத்ததற்கு அதுவே காரணம். பாளங்களும் பசை டின்களும் ஒரே கூரையின்கீழ் அடுக்கப்பட்ட பட்டறையில் அந்த ஆபத்து முதலில் சூழ்வது தொழிலாளரையே. உருப்படிக் கணக்கில் கூலி பெறுவோருக்கு, துணியின் கோடுகள் திண்டுக்குத் திண்டு பொருந்தும்படி பிரித்து மறுபடி இழுக்கும் நேரத்துக்குத் தனி ஊதியம் இல்லை. விலையைக் குறைக்கச் சொல்லும் பேரம் பெரும்பாலும் குறைப்பது இந்த நேரத்தையும் கண்ணுக்குத் தெரியாத பட்டைகளின் எண்ணிக்கையையும்தான்.

கடையில் முடிந்த நிலையில் நிற்கும் சோபாவைவிட, பட்டறையில் சொல்லிச் செய்விப்பதில் உள்ள நன்மை மலிவன்று. துணி போர்த்துவதற்கு முன் அதன்மேல் உட்கார்ந்து பார்க்க முடிவதே. பட்டைகள் எத்தனை நெருக்கம், அடி ஃபோம் எது, ஆழம் யாருக்குப் பொருந்துகிறது என்பவற்றை அந்நிலையில் கண்ணால் காணலாம். வீட்டில் மிகக் குட்டையானவரையும் மிக மூத்தவரையும் அன்று அழைத்துச் சென்று அமர வைத்தால், ஓர் அங்குல ஃபோமைக் கூட்டுவதும் ஒரு பட்டையைச் சேர்ப்பதும் சில நிமிட வேலையாக முடியும். உறை ஏறி அடித்துணியும் தைக்கப்பட்ட பின் அதே திருத்தத்துக்கு நூற்றுக்கணக்கான பின்களைப் பிடுங்க வேண்டியிருக்கும். அந்தக் கூலியைக் கொடுப்பவர் வாங்கியவரே.