கிராஞ்சியில் ஒரு தண்ணீர் ஆலை

ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் நம்மவர் பலர் 170 பஸ்ஸில் ஏறி நேரே தேக்கா பக்கம் போய்விடுவர். வாசக அன்பர்களே, அடுத்த முறை வழியில் கிராஞ்சியில் இறங்கிப் பாருங்கள். கெராஞ்சி மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர். 1975-ல் ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கமும், போர் வீரர் நினைவிடமும், பக்கத்திலேயே சுங்கை காடுட் தொழிற்பேட்டையும் உண்டு.

இங்கே 2003-ல் நியூவாட்டர் ஆலை ஒன்று திறக்கப்பட்டது. ஊரார் கழித்த நீரைத் தூய்மையாக்கும் ஆலை. முகம் சுளிக்காதீர்கள்! குடிநீருக்கு ஜொகூரை நம்பியிருந்த நாட்டுக்கு இது வாழ்வுப் பிரச்சினை.

ஆனால் முதல் முயற்சி தோற்றது. 1974-ல், சிங்கப்பூர் இன்னும் வளரும் நாடாக இருந்தபோது, ஒரு மாதிரி ஆலை கட்டினார்கள். நீரை வடிகட்டும் மெல்லிய சவ்வுகளுக்குச் செலவு அதிகம். நம்பி ஓட்டவும் முடியவில்லை. 14 மாதங்களில் மூடிவிட்டார்கள்.

சவ்வுகள் மேம்பட்டதும் 2000-ல் பிடோக்கில் மறுபடி தொடங்கினார்கள். இம்முறை அவசரப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் ஓட்டி, பல இடங்களில் நீரெடுத்து, சுமார் 190 வகைக் கூறுகளைச் சோதித்தார்கள். சோதனை முடிவுகள் 20,000! வெளிநாட்டு வல்லுநரும் அடங்கிய குழு அவற்றை ஆராய்ந்து சரியென்ற பிறகே பிடோக்கிலும் கிராஞ்சியிலும் ஆலைகள் திறந்தன.

பழுதைக் கண்டுபிடிக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உப்பு கலந்த நீரில் மின்சாரம் எளிதாக ஓடும். சவ்வில் சிறு கிழிசல் விழுந்தாலும் உப்பு நழுவி வரும். கருவியின் முள் ஏறிவிடும். ஆலை நிற்குமுன்பே ஆளுக்குத் தெரிந்துவிடுகிறது.

நம் தோட்டத்து எண்ணெய் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். பாய்லர் நின்றால் வெட்டிய செம்பனைக் குலைகள் குவிந்து கிடக்கும். நேரமாக ஆக எண்ணெயின் தரம் இறங்கும். வெயிலில் வெட்டியவர் பாடு வீண். 'நம் ஆலை மணிக்கு இத்தனை டன் அரைக்கும்' என்று பெருமை பேசுகிறோமே, அது நல்ல நாளின் கணக்கு. மாதத்தில் 600 மணி நேரம் ஓடி 12 தடவை நின்றதென்றால், 50 மணிக்கு ஒரு பழுது. அடுத்த மாதம் அது 60 ஆகிறதா, 40 ஆகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. நின்ற நேரத்தையும் காரணத்தையும் ஒளிக்காமல் எழுதும் ஒரு கணக்கு நோட்டு போதும். எழுதியவனைத் திட்டினால் மறுநாள் நோட்டு வெறுமையாகத்தான் இருக்கும்.

விடிவதற்குள் பாலம் தாண்டி உட்லண்ட்ஸ், கிராஞ்சி ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். லீவுக்கு வரும்போது, அங்கே அந்த நோட்டை யார் எழுதுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.