திண்டிவனத்து இரவு

விழுப்புரத்திலிருந்து சென்னை செல்லும் பேருந்து திண்டிவனத்தில் நிற்கும்போதெல்லாம் ஐடா ஸ்கடர் அம்மையார் என் நினைவுக்கு வருவார். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. தம் நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தபின், நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தார். இங்கேயே தங்கும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை.

ஓர் இரவு மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியரைக் காப்பாற்றும்படி வேண்டினர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா சொன்னார். ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அதன்பின் மருத்துவம் பயின்று 1899இல் பட்டம் பெற்றதும், வேலூரில் பணி தொடங்கியதும் பலரும் அறிந்த கதை.

ஐடா தாயைத் தேடிக் கடல் கடந்தவர். நானோ தாயிடமிருந்து விலகிப் போனவள். தந்தை மறைந்தபின் வீட்டுப் பங்கைப் பற்றி எழுந்த மனத்தாங்கலில், 2014இல் சீனாவின் குன்மிங் நகருக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றேன். சம்பளம் நன்றாயிருந்தது, கோபமும் வசதியாக வளர்ந்தது.

ஒரு நாள் இரவு பத்தரை மணி. விழுப்புரத்தில் எட்டு மணி இருக்கும். தங்கை தொலைபேசியில், “அக்கா, அம்மா உன்னையே கேட்டுக்கிட்டு இருக்காங்க” என்றாள். “பணம் அனுப்புகிறேன்” என்று மட்டும் சொன்னேன். மருத்துவம் தெரியாததால் ஐடாவால் போக இயலவில்லை. எனக்கு அப்படியொரு தடையும் இருக்கவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் சீனர் முன்னோரின் கல்லறைகளைத் தூய்மை செய்யும் சிங்மிங் நாள் வரும். நம் கல்லறைத் திருநாளைப் போன்றது. ஊருக்குப் புறப்பட்ட மாணவி ஒருத்தி, “உங்கள் தந்தையின் கல்லறைக்கு யார் போவார்கள், ஆசிரியை?” என்று கேட்டாள். “தங்கை” என்றேன். அவள் போகிறாளா என்பதைக்கூட நான் அதுவரை விசாரித்ததில்லை.

கோடை விடுமுறையில் ஊர் திரும்பினேன். தங்கையின் மனம் இன்னும் முழுவதும் ஆறவில்லை. அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையுமில்லை. அம்மா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, பழைய சேலை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னார்.