கப்பலை விட்டு இறங்கிய பிறகு

புதுச்சேரிக்குக் கப்பல் வருகிறது என்றால் கரைக்கே வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. பெரிய கப்பல் அணையும் அளவுக்கு இங்கே கரையோரத்தில் ஆழம் கிடையாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். நாம்தான் படகில் இறங்கிப் போக வேண்டும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டெலியா சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியபோது, பயணிகள் புதுச்சேரியில் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில்தான் அது கிடைத்தது. விசாகப்பட்டினம், புதுச்சேரி, சென்னை என்று கப்பல் வரப்போகிறது என்றதும் நானும் என் மனைவியும் பதிவு செய்துவிட்டோம். இருவருக்கும் அதுவே முதல் கப்பல் பயணம். பிறந்து வளர்ந்த கடலூர்ப் பக்கத்தைக் கடல் வழியாக வந்து பார்க்கலாம் என்ற ஆசைதான் பெரிய காரணம்.

கப்பலின் அடித்தளத்தில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். கீழே படகு அலையோடு ஏறி இறங்கியது. இரண்டு மாலுமிகள் பயணியின் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொள்கிறார்கள். படகு கதவின் மட்டத்துக்கு வரும்வரை யாரையும் விடுவதில்லை. மட்டத்துக்கு வந்த நொடியில் "இப்ப வைங்க காலை" என்கிறார்கள்; அடுத்த நொடி நாம் படகில் இருக்கிறோம். வயதானவர்கள் பயப்படும் இடம் இதுதான். அவசரப்படாமல் மாலுமிகள் சொல்கிறபடி செய்தால் பயமில்லை.

சோழமண்டலக் கரைக்கு இது புதிதல்ல. இயற்கையான துறைமுகம் இல்லாத இந்தக் கரையில் மசூலாப் படகுகள் நூற்றாண்டுக்கணக்கில் ஆட்களையும் சரக்கையும் இறக்கியிருக்கின்றன. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் மராட்டியரிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர், 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்தபோது அந்தக் கோட்டையைத்தான் தலைமையிடமாக வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கப்பல்களும் கடலில் நின்றன. ஆட்கள் படகில்தான் வந்தார்கள்.

படகில் எங்கள் எதிரே ஒரு வயதான தம்பதி. ராஜமுந்திரிக்காரர்கள். கணவர் சென்னையில் வெகுகாலம் வேலை பார்த்தவர், தமிழ் சரளமாக வந்தது.

"சார், நீங்க இந்தப் பக்கம்தானே? சிதம்பரம் போய் நடராஜரைப் பார்த்துட்டு வந்துடலாமா?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். கரையில் கால் வைக்க எட்டரை ஆகும். கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு மூன்று மணிக்கு. சிதம்பரம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். கடலூர் நெரிசலைத் தாண்டிப் போய்ச்சேர இரண்டு மணி நேரம் வேண்டும். கோயில் நடை பன்னிரண்டு மணிவாக்கில் சாத்தினால் மாலை ஐந்துக்குத்தான் திறக்கும். எல்லாம் சரியாக நடந்தால் ஒரு மணி நேரம் தரிசனம் கிடைக்கும். ஆனால் வழியில் ஒரு டயர் பஞ்சரானால்கூடக் கணக்கு கெட்டுவிடும். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த சுற்றுலா என்றால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். நாமாக வண்டி பிடித்துப் போனால் கப்பல் நமக்காக நிற்காது.

"அம்மாவுக்கு இந்த ஓட்டம் வேண்டாங்க. இன்னைக்குக் கடலூர் போவோம். சிதம்பரத்துக்குச் சென்னையிலேர்ந்து ரயில்ல நிதானமா போகலாம்" என்றேன். அந்த அம்மா உடனே சம்மதித்தார். உப்பளம் துறைமுக வாசலில் நால்வருமாக ஒரு கார் பேசிக்கொண்டோம். போய்வர எவ்வளவு, காத்திருப்புக்கு எவ்வளவு என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். கப்பல் அட்டையையும் அடையாள அட்டையையும் அறையில் வைத்துவிட்டு வந்தால் திரும்பும்போது துறைமுக வாசலில் விடமாட்டார்கள். கிளம்பும் முன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

முள்ளோடையில் தமிழ்நாட்டு எல்லை. தென்பெண்ணையைத் தாண்டினால் மஞ்சக்குப்பம், கெடிலத்தைத் தாண்டினால் திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரர் கோயிலில் கூட்டமில்லை. அப்பர் பெருமானைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியதையும், அந்தக் கல்லே தெப்பமாகி அவரைக் கரை சேர்த்ததையும், நேராக இந்தக் கோயிலுக்குத்தான் அவர் வந்தார் என்பதையும் அந்த அம்மாவுக்குச் சொன்னேன். வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் ஒரு ஊர் இருக்கிறது என்றதும், "அங்கயும் போகலாமா?" என்று கேட்டார். போனோம். கடல் இப்போது அங்கிருந்து தள்ளி இருக்கிறது. அவர் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்துக் கடலூர் ஓ.டி. எனப்படும் பழைய நகரின் துறைமுகம். உப்பனாற்றில் விசைப்படகுகள் வரிசையாக நின்றன. ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மீன் கூடைகளோடு பெண்கள் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் சரக்குக் கப்பல் கடலில் நிற்கும், தோணிதான் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் என்பது எங்கள் தலைமுறை பார்த்த காட்சி. நான் அவர்களை அழைத்துப் போனது இன்னொன்றைக் காட்டுவதற்கு. துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ரயில் நிலையம். அதன் பெயரே கடலூர் துறைமுகம் சந்திப்பு. ஒரு பாதை விருத்தாசலம் போகிறது, ஒன்று விழுப்புரம், ஒன்று சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை. சிதம்பரம் ஒரு மணி நேரத்துக்குள். இவ்வளவு பக்கத்தில் துறைமுகமும் மூன்று பக்கம் பிரியும் ரயிலும் அமைந்த ஊர்கள் அதிகமில்லை.

கப்பலையும் ரயிலையும் சேர்த்தே யோசித்த காலம் ஒன்று இருந்தது. 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் தொடங்கியபோது, சென்னையிலிருந்து போன போட் மெயில் கடலூர், சிதம்பரம் வழியாகத்தான் போனது. ரயிலை விட்டு இறங்கியவர் சில அடி நடந்து கப்பலில் ஏறினார். 1964 புயலோடு அது போயிற்று. எங்கள் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை, லால்பேட்டைக்காரர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கும் கப்பல் எம்.வி. சிதம்பரம். 1966-ல் 'பாஸ்தர்' என்ற பிரெஞ்சுக் கப்பலாகக் கடலுக்கு வந்து, இந்தியக் கப்பல் கழகம் வாங்கிய பின் 1973 முதல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. 1985 பிப்ரவரி 12 அன்று பிடித்த தீயோடு அதன் பயணிகள் சேவை முடிந்தது. நாகையிலும் அது கடலில்தான் நிற்கும். என் பெரியப்பா டிரங்குப் பெட்டியோடு படகில் கரையிறங்கி, நாகை ஸ்டேஷனுக்கு நடந்து, மாயவரத்தில் வண்டி மாறி, சாயங்காலத்துக்குள் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கதையை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். கடல் கொந்தளிப்பைவிட, அன்றைக்கே வீடு சேர்ந்ததுதான் அவருக்குப் பெருமை.

ஒரு மணிக்கெல்லாம் உப்பளம் திரும்பி, மீன் குழம்புச் சாப்பாட்டை அவசரமில்லாமல் சாப்பிட்டு, படகில் ஏறினோம். மறுநாள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, ராஜாஜி சாலையின் எதிர்ப்பக்கம் கடற்கரை ரயில் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்தோம். எழும்பூர் மூன்றாவது நிறுத்தம். அங்கிருந்து சிதம்பரம். மாலை நடை திறந்திருக்கும் நேரத்தில் அந்தத் தம்பதி கீழைக் கோபுரத்தில் நூற்றெட்டுக் கரணச் சிற்பங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டிப் பார்த்தார்கள். கைக்கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

முதன்முறை கப்பலில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அறையை விசாரிப்பதற்கு முன், கப்பல் கரையில் அணையுமா, கடலில் நிற்குமா என்று விசாரியுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தூரமான ஊரைப் பயணத்தின் முடிவுக்கு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பக்கத்து ஊரை முழுமையாகப் பாருங்கள்.

எங்கள் ஊர் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கடலூர் துறைமுகத்தில் கப்பல்தளம் கட்டுவதும் ஆழப்படுத்துவதும் நல்ல காரியம். அதோடு துறைமுக வாசலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே நிழலுள்ள ஒரு நடைபாதை, இரண்டு சிற்றுந்துகள், சிதம்பரத்துக்கும் பிச்சாவரத்துக்கும் ரயில், பேருந்து நேரம் எழுதிய ஒரு பலகை இவற்றையும் இப்போதே திட்டத்தில் சேருங்கள். வருகிறவருக்கு ஊர் செய்யும் முதல் மரியாதை, வழி காட்டுவது. கடலூரில் அதற்கான இடமும் தண்டவாளமும் தயாராகவே இருக்கின்றன.