கெட்டித்த துப்பாக்கியும் நான் கேட்காத கேள்வியும்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். சுட்டு முடித்த தோட்டாவின் வெறும் கூட்டில் வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்புகிறார்கள். அங்கே அது பலருக்குப் பொழுதுபோக்கு. "கருவி அடிக்கடி சிக்கிக்கொள்கிறது சார், நீங்கள் அறிவியல் வாத்தியார் ஆயிற்றே, ஏன் என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். ஜவ்வாது மலையில் நான் வேலை பார்த்த காலம் நினைவுக்கு வந்துவிட்டது.

சாமைக் கதிர் முற்றும் நேரம். காட்டுப்பன்றிக்குப் பயந்து இரவெல்லாம் பரணில் காவல் இருப்பார்கள். சில வீடுகளில் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. அதற்குத் தோட்டா கிடையாது. குழல் வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வீட்டில் செய்கிற வேலைதான். மழை ஈரத்தில் மருந்து நமத்துப்போகும், கேப்பு வெடிக்கும் துளை அடைத்துக்கொள்ளும். குதிரை விழும், சத்தம் வராது.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள் காலை தூக்கக் கண்ணோடு வந்தான். "நேத்து ராத்திரி பன்னி வந்துச்சு சார், துப்பாக்கி வெடிக்கல. இன்னிக்கு அப்பா திரும்பக் கெட்டிக்கிறேன்னு சொன்னாரு" என்றான். "சரி சரி, புத்தகத்தை எடு" என்றேன். அன்று நான் நடத்திய பாடம் வாயு அழுத்தம்!

உள்ளே முதல் மருந்து அப்படியே இருந்திருக்கிறது. அதன் மேலேயே இரண்டாவதும் போட்டுக் கெட்டித்திருக்கிறார். அன்றிரவு குழல் பிளந்தது. இடது கையில் மூன்று விரல்கள் போயின. இருட்டில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். உயிர் பிழைத்தது. பையன் மட்டும் பிறகு பள்ளிக்கு வரவில்லை, ஏர் பிடிக்க ஆள் இல்லை.

அவர் அறியாமல் செய்தார் என்று அன்று நினைத்தேன். அப்படி இல்லை. 1863-இல் அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போர் முடிந்து களத்தில் 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். அவற்றில் சுமார் 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. அதில் பாதியில் இரண்டு தடவை மருந்து போட்டிருந்தது. ஒன்றில் 23 தடவை! பழகிய சிப்பாய்களுக்கே இந்தக் கதி. குழலுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அவசரமும் இருட்டும் சேர்ந்தால் ஞாபகமும் கைவிட்டுவிடும்.

தம்பி, உன் கேள்விக்கும் இதுவே பதில். கருவி சிக்கினால் பலம் கொடுத்து அழுத்தாதே. நிறுத்து. "மருந்து போட்டேனா இல்லையா" என்று சந்தேகம் வந்தால் அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிடு. சுடும்போது சத்தம் மெலிந்து கேட்டால் குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். வெடிக்கவில்லை என்றாலும் உடனே திருப்பிப் பார்க்காதே. சில நேரம் தாமதமாக வெடிக்கும். ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே காத்திரு. மற்றதை அங்கே முறையாகப் பயிற்சி தருபவரிடம் நேரில் கேள்.

மலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உரிமம் இல்லாத துப்பாக்கி 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். பயிர்க் காவலுக்கு இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க அதே சட்டத்தில் இடம் உண்டு. பன்றி அழித்த பயிருக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு மனு கொடுக்கலாம். தாத்தா காலத்துத் துப்பாக்கி கூரையில் செருகியிருந்தால், காலி என்று நம்பித் தொடாதீர்கள். பிள்ளைகள் கை படவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர்களை முன்வைத்துக் காவல் நிலையத்தில் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

அன்று காலை "உள்ளே இருந்த மருந்தை எடுத்தாச்சா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், வீடு வரை நடந்து போயிருக்கலாம். ஒரு மைல் தூரம்கூட இல்லை. உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், பிள்ளைகள் வீட்டுக் கதை சொன்னால் காது கொடுங்கள். புத்தகத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்