41 நாள்

சிகரெட்டை விட்டு இன்றோடு 41 நாள். டீக்கடைக்குப் போகிறேன், டீ மட்டும் குடிக்கிறேன், வந்துவிடுகிறேன்.

இருபது வருடப் பழக்கம். எழுந்த அரை மணிக்குள் பற்றவைக்கிறவன் என்றதும் டாக்டர் 4 மில்லிகிராம் நிகோட்டின் கம் எழுதினார். அதை பபிள்கம் மாதிரி மென்று, முதல் வாரம் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், சிகரெட்டை விட்டு மூன்று வருடமானவர், சொல்லிக்கொடுத்தார்: "மெதுவா கடி தம்பி. நாக்குல மிளகு மாதிரி சுள்ளுன்னு ஏறும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சிரு. காரம் அடங்குனதும் மறுபடி கடி." வாயின் உட்தோல் வழியாகத்தான் நிகோட்டின் ஏற வேண்டும். டீ குடித்த கையோடு மென்றால் அதுவும் சரியாக ஏறாது.

பதினெட்டாம் நாள் அப்பாவின் திவசம். ராத்திரி பதினொன்றரைக்குக் கை தானாகச் சட்டைப்பையைத் தேடியது. அண்ணனுக்குப் போன் போட்டேன். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "லைன்லயே இரு" என்று மகளின் பரீட்சை பற்றிப் பத்து நிமிடம் பேசினார். வேகம் தணிந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தை எந்த மருந்தும் எனக்குத் தந்திருக்காது.

அப்படி ஒருவர் அமையாதவர்கள் 1800-11-2356க்குப் பேசுங்கள். புகையிலையை விட உதவும் அரசின் இலவச எண். ராத்திரி என்றால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், விழித்திருப்பேன்.