முள்ளும் தட்டும்

அப்பா பசறைத் தேயிலைத் தோட்டத்தில் முள்ளுக் குத்தினார். நான் மலையிறங்கி, பெல்வத்தைக் கரும்புக் காணிகளில் டிரக்டர் ஓட்டப் போனேன். மண்ணை இளக்குவதுதான் இருவருக்கும் தொழில். அவர் கையில் நாலு பல் முள்ளு. என் வண்டிக்குப் பின்னால் டிஸ்க் ஹரோவின் இரண்டு வரிசைத் தட்டு.

கலப்பை புரட்டிய பெருங்கட்டிகளை உடைத்துப் பதமாக்குவது ஹரோவின் வேலை. குழிந்த தட்டுகள் ஒரு தண்டில் கோத்திருக்கும். தண்டு நேர் குறுக்காக நின்றால் தட்டு சும்மா உருளும். சற்றுச் சாய்த்தால்தான் விளிம்பு மண்ணை அறுத்து, குழிவில் ஏந்திப் பக்கமாக எறியும். முன்வரிசை ஒரு பக்கம் தள்ளியதைப் பின்வரிசை மறுபக்கம் திருப்பிப் போடும். சாய்வு கூடினால் ஆழம் கூடும். எஞ்சினுக்குப் பாரமும் கூடும்.

சாய்வு வைக்க ஒரு நாளில் பழகினேன். ஈரம் பார்க்க ஒரு பருவம் பிடித்தது. அந்தச் செம்மண் காய்ந்தால் செங்கல், நனைந்தால் களி. மழை விட்ட மறுநாளே ஒருமுறை அவசரப்பட்டு இறங்கினேன். தட்டு அறுத்த முகமெல்லாம் மினுங்கியது. வெயில் ஏறியதும் கட்டிகள் கல்லாகிவிட்டன. அன்றிலிருந்து ஒரு பிடி மண்ணை உருட்டிக் கீழே போட்டுப் பார்ப்பேன். உதிர்ந்தால் இறங்குவேன். உருண்டையாகவே கிடந்தால் காத்திருப்பேன்.

லீவுக்குப் போனபோது அப்பாவிடம் ஹரோவின் பெருமை பேசினேன். கவ்வாத்து வெட்டிய மலைக்குக் கூட்டிப்போனார். முள்ளை முழு ஆழத்துக்கு இறக்கிப் பிடியைப் பின்னால் சாய்த்தார். மண் விம்மி வெடித்தது, புரளவில்லை. "பொரட்டிப் போட்டா ஐப்பசி மழை கொண்டுபோயிரும், தம்பி," என்றார்.

அது இந்த மலைகள் பட்டுத் தெளிந்த பாடம். தேயிலைக்கு முன் இங்கே நின்ற கோப்பியை, 1869இல் வந்த இலைநோய் அழிக்குமுன்பே, புல் ஒன்றும் நிற்காமல் வழித்தெடுத்ததில் மேல்மண் ஏராளமாக ஓடையோடு போய்விட்டது. அதனால்தான் இன்று பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றிய பிறகே கன்று வைக்கிறார்கள்.

காணி லேசாகச் சரிந்தாலும் இப்போது சரிவுக்குக் குறுக்காகவே ஓட்டுகிறேன். இரண்டு ஓட்டம் போதுமென்றால் மூன்றாவது ஓடமாட்டேன்: மேலே தூளாகும், கீழே டயர் அமுக்கி இறுகும். நிலம் மாவாகத் தெரியவேண்டும் என்று புதுப் பொடியன்கள் ஆசைப்படுவார்கள். விரல்நுனி அளவு கட்டிகள் கிடக்கட்டும் என்பேன். அவற்றின் இடுக்கில்தான் முதல் மழை இறங்கும்.